உதட்டில் படாத தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடித்து வளர்ந்தவர்கள் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அண்ணாந்து, டம்ளரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் நேராக விழும்படி ஊற்றிக்கொள்ளத் தெரிந்த பிறகுதான் நம்மை ஓர் ஆளாக மதித்தார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் பாட்டிலை வாய்க்குள் திணித்துக்கொண்டு உறிஞ்சுகிறபோது உங்களுக்கு உடம்பு கூசுகிறது என்கிறீர்கள். எனக்குக் கூசுவது வேறொன்று. யாராவது பானைக்குள் டம்ளரை விட்டு மொண்டால் நான் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறேன். என் வீட்டில் இன்று குழாய் வைத்த பாத்திரம்தான். அதற்கும் பூட்டுப் போட முடியுமா என்று மருமகளிடம் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எந்த வருஷம் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மற்றதெல்லாம் எண்ணிக்கையோடு நினைவிருக்கிறது. செம்மண்டலத்தில் வாடகை வீடு. ஓட்டுக் கூரையில் ஒழுகும் இடம் ஒன்பது. ஆட்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான், நாலு வயதுத் தங்கை. தங்கையை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். சமையலறை மூலையில் குடிதண்ணீருக்கு ஒரு பித்தளைத் தவலை. சுவரில் அடித்த பலகையில் கவிழ்த்து வைத்த டம்ளர் நாலு. ஐந்தாவது டம்ளர் அந்தப் பலகையில் இருக்காது. அதைப் பற்றித்தான் இந்தக் கதையே.

அப்பா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சைக்கிளில் போய்வருவார். சுகாதாரப் பாடம் அவர் பொறுப்பில் இருந்தது. மற்ற வாத்தியார்கள் அந்தப் பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிட்டுப் போய்விடுவார்களாம். அப்பா அதை வீட்டிலும் நடத்தினார். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் தவலையில் ஊற்றக் கூடாது. வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். மூடியில்லாமல் ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் இருபது நகம் எனக்கு, இருபது நகம் பாப்பாவுக்கு, அவரே வெட்டிவிடுவார். தெருவில் வேறு எந்த வீட்டிலும் இந்த ஒழுங்கு கிடையாது. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் எச்சில். சாயங்காலம் எங்களை நிறுத்திவைத்து அண்ணாந்து குடிக்கச் சொல்வார். சட்டை நனைந்தால் தோல்வி.

"கிருமி எங்க இருக்குது? எச்சில்ல இருக்குது. ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குப் போவாம இருந்தா பாதி வியாதி ஊர்ல இல்ல" என்பார்.

பக்கத்து வீட்டில் ஒரு பாய் இருந்தார். திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இந்தப் பரீட்சை நடக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார். "வாத்தியாரே, உங்க ஊட்ல தண்ணி குடிக்கணும்னா பாஸ் மார்க் வாங்கணும் போலருக்கே" என்று சிரிப்பார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்து, டம்ளரை வாயில் வைத்து, மூன்று மடக்காகக் குடிப்பார். அது அவர்கள் வழக்கம். அவர் போனதும் அம்மா அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அடுப்பு நெருப்பில் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத்தான் பலகையில் வைப்பாள்.

கொல்லைக்குப் போய்வந்தால் கால் அலம்பாமல் வாசற்படி ஏறக் கூடாது. அதற்கென்று பின்வாசலில் ஒரு தொட்டி. ஒருநாள் குதிகால் நனையவில்லை என்று அப்பா என்னைத் திரும்ப அனுப்பினார். கையைப் பற்றிச் சட்டம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. தண்ணீரில் நனைத்து வேட்டியிலோ பாவாடையிலோ துடைத்துக்கொண்டால் கை சுத்தம். சிவப்பு சோப்பு ஒன்று கிணற்றடியில் இருந்தது. அது குளிக்கிறதற்கு.

இனி அத்தை. மாமா இறந்தபின் சிதம்பரத்தில் கொழுந்தனார் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு எங்களோடு வந்து தங்கியவர். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சு அடைக்கும். அண்ணாந்து குடிக்க அவர் முயன்றதை ஒரே ஒருமுறை பார்த்தேன். புரையேறி, கண் பிதுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு மட்டும் விலக்கு. வாய் வைத்துக் குடிக்கலாம். ஆனால் டம்ளர் தனி. விளிம்பில் நசுங்கிய பித்தளை டம்ளர். அது கொல்லையில் துவைக்கிற கல்மேல் இருக்கும். எச்சில் டம்ளர் என்பதால் அதைத் தவலைக்குள் விடக் கூடாது. தாகம் எடுத்தால் அத்தை சமையலறை வாசலில் வந்து நிற்பார். அம்மாவோ நானோ வேறு டம்ளரில் மொண்டு, மேலேயிருந்து அவர் டம்ளரில் ஊற்றுவோம். ரயில் நிலையத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

பாப்பாவுக்கு அண்ணாந்து குடிக்க வரவில்லை. மூக்கில் ஏறும், தும்முவாள், கவுன் நனையும், அழுவாள். அழுதபடியே கொல்லைப் பக்கம் போய்விடுவாள்.

"அத்தே, ஒரு வாய்."

"ஒங்கப்பன் பாத்தான்னா என்னைய பெஞ்சு மேல ஏத்திடுவான்டி" என்பார் அத்தை. சொல்லிக்கொண்டே டம்ளரை அவள் வாயில் வைப்பார். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கன்றுக்குட்டி மாதிரி குடிப்பாள் அவள். குடித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுவாள். அவள் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில் இல்லை. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அந்தப் பெருமூச்சு மட்டும் இருக்கிறது.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. கெடிலம் கரை மீறியது. ஆற்றோரத்துக் குடிசைகளில் இருந்தவர்களை அப்பாவின் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். வகுப்பறை பதினொன்று, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு குடும்பம். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அங்கே வாந்திபேதி கண்டது. நகராட்சி ஆட்கள் கிணறு கிணறாக பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்தால்கூட அந்த வாடை கண்ணைக் கரிக்கும். பஸ் ஸ்டாண்டில் மேஜை போட்டு ஊசி குத்தினார்கள். நாங்கள் போய்க் குத்திக்கொண்டு வந்தோம். பாப்பாவுக்கு அன்றைக்குச் சளிக்காய்ச்சல். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா.

அப்பா தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பாடம் நடத்துவதற்கு அங்கே இடமில்லை. தண்ணீர் கொதிக்கவைக்க, நோயாளியைத் தூக்கி வண்டியில் ஏற்ற, தரையைக் கழுவ என்று போனார். மற்ற வாத்தியார்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டதையும் அவர் கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர். இதை நான் இரண்டு முறை சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல மனிதர்.

இருட்டுவதற்குள் திரும்பிவருவார். சட்டையைக் கழற்றி வெந்நீரில் போடுவார். தொட்டியில் கால் அலம்புவார். கையைத் தண்ணீரில் நனைத்துத் துண்டில் துடைப்பார். நேராகச் சமையலறைக்கு வந்து, பலகையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, தவலைக்குள் விட்டு மொள்ளுவார். நாங்கள் எல்லோரும் மொள்ளுகிற மாதிரிதான். பெருவிரல் டம்ளருக்கு உள்ளே, நாலு விரல் வெளியே. ஐந்து விரலும் தண்ணீருக்குள் போய்வரும். பிறகு அண்ணாந்து, உதட்டில் ஒரு சொட்டுப் படாமல் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைப்பார்.

கிருமி விரலில் ஏறி வரும் என்று நான் விவரமாகப் படித்தபோது எனக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஒரு விடுதி அறையில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்தச் சமையலறையைக் கண்முன் கொண்டுவந்தேன். கொதிக்கவைத்து, வடிகட்டி, மூடிவைத்த தண்ணீர். அதற்குள் நாளெல்லாம் போய்வந்த விரல்கள். வீட்டில் இருந்த ஐந்து பேரில் அந்தத் தவலைக்குள் ஒருமுறைகூட விரல் விடாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கை எட்டாத குழந்தை. இன்னொருவர் அத்தை. அவரை நாங்கள்தான் விடவில்லை.

பாப்பாவுக்கு ஒரு காலையில் கண்டது. முதலில் கஞ்சி சேரவில்லை என்று நினைத்தார்கள். பிறகு போனதைப் பார்த்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. வண்டி பிடிக்க பாய் ஓடினார். தெருமுனையில் இன்னும் முழங்கால் தண்ணீர். வண்டி வரத் தாமதமானது. அப்பா சுக்கை அரைத்து அவள் பாதத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றார். குடிக்கக் குடிக்கத்தான் போகும், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். உங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவள் தண்ணி, தண்ணி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை முறை என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

அப்பா வாசலுக்கு வண்டி பார்க்கப் போனபோது அத்தை தன் டம்ளரோடு அவளிடம் வந்து உட்கார்ந்தார். நான்தான் ஊற்றினேன். பாப்பா தலையைத் தூக்க முடியாமல், இரண்டு கையையும் டம்ளரை நோக்கி நீட்டினாள். அரை டம்ளர் போயிருக்கும். அப்பா திரும்பி வந்துவிட்டார்.

"என்ன குடுத்த?"

"தண்ணி. நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்குது தம்பி."

"ஒன் டம்ளர்லயா?"

அத்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அவ தெனம் இதுலதானே குடிக்கிறா" என்றார்.

அப்பா அந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு, "தெனமுமா?" என்றார். குரல் உயரவில்லை. டம்ளரை அத்தை கையிலிருந்து வாங்கினார். அது பாப்பாவின் கையிலிருந்தும் வாங்குவதாக இருந்தது, அவள் விரல் இன்னும் அதன்மேல் இருந்தது. கொல்லைக் கதவருகே போய், வேலிக்கு அப்பால் தேங்கி நின்ற வெள்ளத்தில் வீசினார். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. தண்ணீர் வடிந்த பின் நான் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

"நீ இங்க இருக்க வேணாங்க்கா" என்றார் அப்பா. "சிதம்பரத்துக்குப் போயிடு. எம் பொண்ணு பொழைக்கணும்."

அத்தை எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவரும் அதை நம்பிவிட்டார். பாப்பாவின் பக்கத்திலிருந்து எழுந்து சுவரோரமாகப் போய் நின்றார், தன் மூச்சுக்காற்றுகூட அவள்மேல் படக் கூடாது என்பதைப் போல. இரண்டு சேலை, ஜெபமாலை, ஒரு பை. "பொழைச்சதும் சொல்லி அனுப்பு தம்பி, வந்து பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அவர் தெருமுனை திரும்பியபோது வண்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பாப்பாவைத் தோளில் போட்டுத் தூக்கிப் போனவர் பாய். பிற்பாடு அவர் சொல்லித்தான் தெரியும். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லையாம். உடம்பில் தண்ணீரே இல்லையே, குழந்தைக்கு ஒன்றும் குடிக்கக் கொடுக்கவில்லையா என்று நர்சம்மா கேட்டாராம். வாத்தியார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்றார் பாய். விளக்கு வைப்பதற்குள் பாப்பாவைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். கல்லறையில் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டவளை அதற்குள்தான் இறக்கினோம்.

அத்தைக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். அம்மாவுக்கும் கண்டது. இந்த முறை அப்பா காத்திருக்கவில்லை. முதல் அறிகுறியிலேயே ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வந்தபோது எழுந்து நடக்கச் சக்தியில்லை. வயிறும் முழுக்க நிற்கவில்லை. அப்பாதான் எல்லாம் செய்தார். அம்மாவின் சேலைகளைக் கிணற்றடியில் அலசினார், கஞ்சி வைத்தார், தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

பாய் ஒருநாள் வேலியருகே நின்று மெதுவாகக் கேட்டார். "அக்கா போயி இத்தினி நாளாச்சு. அவங்களாலன்னா இப்ப எப்டி வாத்தியாரே?"

"அவ விட்டுட்டுப் போனது" என்றார் அப்பா.

பாய் வேறெதுவும் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தவர் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பதிலை விட்டுவிட்டால் அவருக்கு நிற்க இடம் இல்லை. அதை நான் இப்போது புரிந்துகொள்கிறேன். புரிந்து என்ன.

அம்மா எழுந்து உட்கார ஆரம்பித்ததும், அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் கிளம்பினார். அன்று காலையும் அவர் சேலைகளை அலசிப் போட்டுவிட்டுத்தான் வந்தார். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினோம். வழியெல்லாம் இரண்டு பக்கமும் வயல்களில் வெள்ளம் வடியாமல் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து தந்திக்கம்பங்களை எண்ணினேன். பரங்கிப்பேட்டைக்கு முன்னால் எண்ணிக்கை தவறிவிட்டது. அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையின் மேல் துக்கத்துக்காக ஊசி குத்தி வைத்த கறுப்புத் துணித் துண்டு காற்றில் ஆடிக்கொண்டே வந்தது.

கொழுந்தனார் வீடு ஒரு சந்துக்குள். அவர், மனைவி, பிள்ளைகள் மூன்று, அத்தை. ஒரே கூடம். மூலையில் மணல் பரப்பி மண்பானை. அத்தை முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார். பிழைத்துவிட்டாள், கூட்டிப்போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். பிறகு அந்தக் கறுப்புத் துண்டைப் பார்த்தார். கிட்டே வந்து அதைத் தொட்டார்.

"எப்ப?"

"நீ போன அன்னிக்கே."

அத்தை முறத்தை எடுத்து ஓரமாக வைத்தார். சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளினார். அப்புறம்தான் கேட்டார்.

"அதுக்கப்புறம் தண்ணி கேட்டாளா?"

அப்பா அந்தக் கறுப்புத் துண்டின் ஊசியைச் சரிசெய்தார். அத்தை திரும்பக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பானைப் பக்கம் போய், "வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். "இது என் டம்ளர் இல்ல தம்பி. இவங்களுது. கழுவித்தான் வச்சிருக்கு."

"நீ இரு அக்கா. நானே மொண்டுக்கறேன்."

அத்தை கையை இழுத்துக்கொண்டு விலகி நின்றார். அப்பா டம்ளரை எடுத்துப் பானைக்குள் விட்டார். பானையில் தண்ணீர் கீழே இருந்தது. மணிக்கட்டு வரை போயிற்று கை. அண்ணாந்து குடித்தார். ஒரு சொட்டு உதட்டில் படவில்லை, சட்டையில் சிந்தவில்லை. எனக்கும் மொண்டு கொடுத்தார். நானும் சிந்தாமல் குடித்தேன்.

அந்த வீட்டோடு பிறகு எங்களுக்குப் போக்குவரத்து இல்லாமல் போயிற்று. அத்தை மறுபடி செம்மண்டலத்துக்கு வரவில்லை. அப்பா கூப்பிடவும் இல்லை. அந்த மாதம் அவர்கள் வீட்டில் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றிய வயதில் கேட்பதற்கு ஆள் இல்லை. அந்தப் பானையில் எங்களுக்குப் பிறகு குடித்தவர்கள் ஆறு பேர். இன்றும் சாப்பிட உட்கார்ந்தால் அந்த ஆறு பேரை வரிசையாக எண்ணிவிட்டுத்தான் தண்ணீரைத் தொடுகிறேன்.

அன்று நாங்கள் கிளம்ப எழுந்தபோது அந்த வீட்டுக் கடைசிப் பெண் பானையருகே வந்து நின்றாள். பாப்பாவைவிட ஒரு வயது பெரியவளாக இருக்கலாம். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து, மறுபடி பானைக்குள் கையை விட்டு ஒரு டம்ளர் மொண்டு அவளிடம் நீட்டினார்.

"வாய் வைக்கக் கூடாது பாப்பா. அண்ணாந்து குடிக்கணும். எங்க, குடி பாப்போம்."

அவள் அண்ணாந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"கெட்டிக்காரி" என்றார்.